ஆனைக்கரைக்குப் போன மகரந்தம்

1

எங்கள் வீட்டு மாடியில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். அவருக்குத் தனி அறை, தனி விளக்கு, குளிர்காலத்தில் தனி ஹீட்டர். குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர்தான் வேண்டும். அயர்லாந்தில் அதற்குக் குறைவில்லை என்பதால் கொல்லையில் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன், ஒரு குவளை மொண்டு போய் ஊற்றிவிட்டு, இலை நுனிகளில் தொங்கும் குடுவைகளை எண்ணிவிட்டு வருவேன். குடுவைக்குள் விழும் பூச்சியைச் செரித்து வாழும் செடி அது. பூச்சி இல்லாத மாதங்களில், மீன்களுக்குப் போட விற்கும் காய்ந்த புழுவில் ஒன்றை இடுக்கியால் எடுத்து உள்ளே போடுவேன்.

"என்னைக்காவது எனக்கு இப்படி ஊட்டிவிட்டிருக்கீங்களா?" என்று என் மனைவி ஜெயந்தி கதவோரம் நின்று கேட்பாள்.

மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். குடுவைச் செடியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. எங்கள் மாடியில் இருப்பது ஆண். பெண் செடி இடுக்கி மாவட்டம் ஆனைக்கரையில், என் அக்கா வீட்டுக்குப் பின்னால், என் மகள் யாழினி கட்டிய வலைக்கூடாரத்தில் இருக்கிறது.

அந்தக் கூடாரத்தின் மேல் மண் சரிந்து இன்றோடு ஓராண்டு. இன்னமும் ஊரிலிருந்து நேரம் தவறி அழைப்பு வந்தால் எடுக்கப் பயப்படுகிறேன். அந்தப் பயத்தை எழுதித் தீர்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்தபின், இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. அதை ஜெயந்தியிடம்கூடச் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் அவளும் தெரிந்துகொள்வாள்.

2

நான் ஊரில் அறிவியல் வாத்தியார். தமிழ் மீடியம் பள்ளி. எஸ்டேட் பிள்ளைகளும் ஏலத்தோட்டப் பிள்ளைகளும் படித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் "பூச்சி உண்ணும் தாவரங்கள்" பாடம் வரும். கரும்பலகையில் குடுவையை வரைவேன், மூடி, உதடு, வழுக்கும் சுவர், செரிக்கும் நீர் என்று பாகம் குறிப்பேன். ஒருமுறை ஒரு பையன், "சார், நீங்க இதப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். பரீட்சைக்குப் படம் போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஜெயந்தி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுக்குப் பின்னால் நானும் ஆறு வயது யாழினியும் வந்தோம். என் பட்டங்களை இங்கே செல்லுபடியாக்கக் கேட்ட தாள்களைச் சேர்க்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒரு தாள் வந்து சேரும்போது இன்னொன்று காலாவதி ஆகியிருக்கும். கடைசியில் ஒரு மருத்துவமனைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். கையுறை, ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் வார்டு வார்டாகப் பிரித்து அனுப்பும் வேலை. அலுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என் அப்பா பெயரைப் படிவத்தில் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டதால், என்னை எல்லாரும் "மிஸ்டர் கருப்பையா" என்று கூப்பிடுகிறார்கள். பதினைந்தாண்டுகளாக அப்பாவுக்காக நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

யாழினிக்குத் தமிழ் முதலில் எழுத்தில் போயிற்று, பிறகு பேச்சில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று காருக்குள் பெல்ட் போட்டுக்கொண்டு அழுவாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது.

அந்த வயதில்தான் பள்ளியிலிருந்து ஒரு சதுப்பு நிலத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள். இந்த நாட்டுச் சதுப்பு நிலங்களில் எவரோ எப்போதோ கொண்டுவந்து நட்ட அமெரிக்கக் குடுவைச் செடிகள் பெருகிக் கிடக்கின்றன. சேறும் ஈரமுமாக வீட்டுக்கு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்று, "அப்பா, அதுக்குள்ள ஒரு ஈ நீந்திச்சு!" என்றாள். தமிழில் சொன்னாள். நான் கரும்பலகையில் இருபது முறை வரைந்ததை என் மகள் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு நாற்று கேட்டாள். வெப்ப நாட்டு வகை, கட்டைவிரல் உயரம். அதுதான் இன்று மாடியில் கூரையைத் தொடும் மாப்பிள்ளை. அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவள், இரண்டு வகைகளை இணைத்துப் புதிய கலப்பு உண்டாக்குபவர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாள். பெண் செடியின் பெயரை முதலில் எழுதி, நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஆண் செடியின் பெயரைப் பின்னால் எழுதுவது வழக்கமாம். "தாய் பெயர்தான்ப்பா முதல்ல," என்றாள். மிஸ்டர் கருப்பையா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

3

இரண்டாம் ஆண்டில் கல்லூரியை நிறுத்தினாள். காரணம் கேட்டால், "அங்க என்னால மூச்சு விட முடியல" என்பதற்கு மேல் பேச்சில்லை. மூன்று மாதம் ஆனைக்கரையில் அத்தையோடு இருந்துவிட்டு வரட்டும் என்று ஜெயந்திதான் அனுப்பினாள். போனவள் ஒரு வாரத்தில் கூப்பிட்டாள். குரலே வேறாக இருந்தது.

"அப்பா, இங்க ராத்திரி பதினாலு டிகிரி. பகல்ல இருபத்தி மூணு. மூடுபனி. நான் ரூமுக்குள்ள காசு செலவழிச்சு உண்டாக்கினது எல்லாம் இங்க வெளியிலேயே இருக்கு."

நான் பிறந்து வளர்ந்த மண்ணைப் பற்றி எனக்கே அப்படித் தோன்றியதில்லை. எங்களுக்கு அது ஏலக்காய் விளையும் குளிர், அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஓராண்டானது. என் அக்கா பாண்டியம்மா தன் ஒன்றரை ஏக்கர் ஏலத்தில் ஓர் ஓரத்தை விட்டுக்கொடுத்தாள். பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, தோட்டத்தில் கிடந்த பெரிய குடுவைச் செடி ஒன்றை யாழினி கேட்டு வாங்கிவந்தாள். குட்டையான, பருத்த குடுவை, சிவந்த உதடு. அது பெண் என்பது பூத்தபோதுதான் தெரிந்தது. எங்கள் மாடிச் செடிக்கோ நீண்டு ஒடுங்கிய, கருஞ்சிவப்புப் புள்ளிகள் விழுந்த குடுவை. இரண்டையும் இணைத்தால் என்ன பிறக்கும்? அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

"எலி புடிக்குற பொறி மாதிரி இருக்கு. இதுக்கு ஒரு கல்யாணமா?" என்றாள் அக்கா. ஆனாலும் தன் ஏலச்செடிக்குப் போட்டிருந்த நிழல்வலையில் பாதியை அறுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

4

போன ஆண்டு மழை பிடித்தபோது பெண் செடி மறுபடி ஒரு பூந்தண்டு விட்டிருந்தது. மொட்டுக்கட்டம். மூன்றாம் நாள் மழையில் பிற்பகல் நான்கு மணிக்கு, கூடாரத்துக்குப் பின்னாலிருந்த மேடு இடிந்தது. மலையே உடைந்து வந்தால் ஊர்ப் பேச்சில் "உருள் பொட்டுச்சு" என்பார்கள்; அந்த அளவுக்குப் பெரியதல்ல. ஒரு லாரி மண், இரண்டு சில்வர் ஓக் மரம். அப்போது யாழினி உள்ளே இருந்தாள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. மின்சாரம் போய், செல்போன் கோபுரம் போய், ஊரில் ஒரு போனும் எடுக்கவில்லை. இடுக்கியில் மண்சரிவு என்று மட்டும் செய்தி. ஒன்றரை நாள். நான் கிடங்கில் நின்று, கையுறைப் பெட்டிகளைக் குழந்தைகள் வார்டுக்கும் பிரசவ வார்டுக்கும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். வார்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்து என்னைப் பார்த்துவிட்டு, பெட்டிகளைத் தானே பிரித்து எடுத்துக்கொண்டு போனாள்.

சிக்னல் கிடைக்கும் கம்பம்மெட்டுக்குப் போய் அங்கிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, பிள்ளைக்கு ஒன்னும் இல்லடா. கால்ல ஏழு தையல். கூடாரத்துக் கல்லுக்கால் மேல விழுந்து மாட்டிக்கிச்சு, நானும் பக்கத்து வீட்டு ஜோசப்பும் இழுத்தோம். சாரமில்ல, போகுது விடு, அழாத. பிள்ளை கூட அழுகல, நீ என்னத்துக்கு அழுகுற?"

"அவட்ட குடுக்கா."

யாழினி முதலில் சொன்னது: "அப்பா, தண்டு உடையல."

மண்ணுக்குள் கால் மாட்டிக் கிடந்த நேரமெல்லாம் அந்தத் தொட்டியை மடியில் வைத்திருந்திருக்கிறாள்.

அன்றே கிளம்பி வா என்றேன். கெஞ்சினேன், கத்தினேன். இரண்டு நாள் கழித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இந்த ஒரு தண்டு. இது காய் பிடித்தால் அவள் அங்கேயே இருப்பாள், நான் மறுபேச்சுப் பேசக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் செப்டம்பரில் இங்கே கல்லூரிக்குத் திரும்புவாள், அவள் மறுபேச்சுப் பேசக்கூடாது.

5

மாப்பிள்ளை அந்தச் சித்திரையிலேயே பூத்துவிட்டார். ஒரு மாதிரி பூஞ்சை வாசனை, மாடிப்படி வரை வரும். யாழினி வீடியோவில் சொல்லச் சொல்ல, அலுமினியத் தாளை அடியில் பிடித்துப் பூவைத் தட்டினேன். மஞ்சள் பொடி, ஒரு சிட்டிகைகூட இராது. அதைச் சிறு குழாயில் அடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு டப்பாவில் வைத்து, உறைபெட்டியில் மீனுக்கும் தேங்காய்த் துருவலுக்கும் நடுவில் வைத்தோம்.

அனுப்புவதுதான் பெரும்பாடு. இந்தியாவிலிருந்து இறக்குமதி அனுமதியை யாழினி வாங்கிவிட்டாள். இங்கிருந்து நோயில்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும். படிவத்தில் செடி, விதை, பழம், மரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, மகரந்தத்துக்கு இல்லை. ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கேட்கச் சொன்னது, அது முதலாவதையே கேட்கச் சொன்னது. பெறுபவர் முகவரியில் "ஏலக்காய் ஸ்டோருக்கு எதிரில்" என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். கடைசியில் ஓர் இளைஞர் பரிசோதிக்க வீட்டுக்கே வந்தார். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன்.

சான்றிதழ் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தபாலில் வந்தது. அதற்கு முதல்நாள்தான் யாழினி செய்தி அனுப்பியிருந்தாள்: கீழ்ப்பூக்கள் விரிய ஆரம்பித்துவிட்டன.

இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. நான் வெள்ளிக்கிழமைதான் அனுப்பினேன்.

செவ்வாய் வேலை இருந்தது. புதன் விடுமுறை, மழை. வியாழன் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே கிடங்குக்குப் போய், அப்படியே திரும்பிக் கொண்டுவந்து உறைபெட்டியில் வைத்தேன். பெண் பூ சில நாட்கள்தான் ஏற்கும், பிறகு அதன் முகம் கறுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். நான் அறிவியல் வாத்தியார். தெரிந்துதான் செய்தேன். அந்த மேட்டுக்குக் கீழிருந்து என் பிள்ளை வந்துவிட வேண்டும் என்பது தவிர எனக்கு அந்த மூன்று நாளும் வேறெதுவும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை கூரியர் கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள், "அவசரமா?"

"அவ்வளவு அவசரமில்லை," என்றேன்.

6

பொட்டலம் போய்ச் சேர்ந்தபோது தண்டின் கீழ்ப்பகுதி கறுத்துப் போயிருந்தது. நடுவில் பதினொரு பூக்கள் பச்சையாகப் பளபளத்துக்கொண்டிருந்தன. மேலே மூன்றில் ஒரு பங்கு இன்னும் மொட்டு. பதினொன்றுக்கும் தொட்டு வைத்துவிட்டு, பாதி மகரந்தத்தை மேல்மொட்டுகளுக்காக எடுத்துவைத்தாள் யாழினி. "மேல இருக்கிறதுதான்ப்பா பெஸ்ட் சான்ஸ். இது பாதி வயசானது."

மறுநாள், தையல் போட்ட காலைக் காட்டுவதற்குக் கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் இல்லாத நேரத்தில் அக்கா கூடாரத்துக்குள் போயிருக்கிறாள்.

ஊரில் வெனிலாவுக்கு நல்ல விலை இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு அக்கா செய்தது புரியும். வெனிலாப் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அதற்குள் ஒரு குச்சியால் நாம்தான் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். ஆனைக்கரையில் அக்காவின் கைக்கு ஈடு கிடையாது. பள்ளிக்குப் போகுமுன் நானும் அவளோடு கொடி கொடியாகப் போயிருக்கிறேன். ஒரு குலைக்குப் பத்துப் பூ தொட்டதும் மிச்ச மொட்டை நுனியோடு கிள்ளி எறிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் சூம்பிவிடும். அது கணக்கு. யோசித்துச் செய்வதல்ல, கைக்கே தெரியும்.

அக்கா பூக்களை எண்ணியிருக்கிறாள். பதினொன்று. நுனியைக் கிள்ளிவிட்டாள்.

யாழினி என்னைக் கூப்பிட்டபோது பின்னால் அக்காவின் குரலும் கேட்டது.

"அப்பா, அத்தை கட் பண்ணிட்டாங்க. மேல எல்லாத்தையும். நான் நாளைக்கு வைக்கிறதுக்கு இருந்தது எல்லாம்."

"ஏன்டி, கிள்ளாம விட்டா அம்புட்டும் சண்டுதான, சூம்பிப் போகும்ல? உங்கப்பன்ட்ட கேளு, அவனும் கிள்ளுனவன்தான்!"

"அத்தை, இது வெனிலா இல்ல!"

"பூவுதானடி? பூவுக்கு என்ன, பாஸ்போட் மாறுனா குணம் மாறுமா?"

பிறகு யாழினி அழுதாள். மண்ணுக்குள் கிடந்து அழாதவள்.

அவள் அழுததைக் கேட்டபோது என் நெஞ்சுக்குள் முதலில் வந்தது நிம்மதி. முடிந்தது, வந்துவிடுவாள். அந்த நிம்மதி எத்தனை நொடி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அது போனபின் வந்ததுதான் இன்றுவரை இருக்கிறது. அக்கா தெரியாமல் கிள்ளினாள், உதவி என்று நினைத்துக் கிள்ளினாள். நான் சட்டைப் பைக்குள் வைத்துக் கிள்ளினேன்.

அன்று இரண்டு வேளை அக்கா சாப்பிடவில்லையாம். மன்னிப்பும் கேட்கவில்லை. அவளுக்கு அது பழக்கமில்லை. ஆனால் அதற்கு மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகுமுன் ஒரு முக்காலியைப் போட்டு அந்தத் தண்டின் முன்னால் உட்கார ஆரம்பித்தாள். கொசு வந்தால் முந்தானையால் விரட்டுவாள்.

"அத்தை, கொசுவை விடுங்க, அது செடிக்குச் சாப்பாடு," என்று யாழினி சொன்னாளாம். மூன்று நாளைக்குப் பின் இருவரும் பேசிய முதல் பேச்சு அது.

7

பதினொன்றில் நான்கு காய்ந்து உதிர்ந்தன. ஏழு பருத்தன.

செப்டம்பர் பிறந்தது. கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நான் அதைப் பிரிக்காமல் மாடியில் மாப்பிள்ளையின் தொட்டிக்கு அடியில் வைத்தேன். மறுபேச்சுப் பேசவில்லை.

காய் பழுத்து வெடித்தபோது உள்ளே இருந்தவை விதை மாதிரியே இல்லை. வெட்டிப்போட்ட முடி போல மெல்லிய நூல்கள். யாழினி அவற்றைப் பாசியின் மேல் தூவி மூடி வைத்தாள். ஐந்து வாரம் ஒன்றுமில்லை. ஆறாவது வாரம் அக்காதான் வீடியோவில் கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடியைத் தொட்டிக்கு மேல் பூதக்கண்ணாடி மாதிரி பிடித்திருந்தாள்.

"தெரியுதாடா? பச்சையா, குண்டூசித் தலை மாதிரி?"

"தெரியலக்கா."

"வாத்தியாருன்னு பேரு. நல்லாப் பாரு!"

தெரிந்தது. ஒன்றல்ல, பாசி முழுக்க.

இப்போது அவற்றுக்குக் கடுகளவு குடுவைகள் வந்திருக்கின்றன. "இத்தினிக்காண்டு இருந்துக்கிட்டு வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது பாரு, பொறந்தப்ப நீ நின்ன மாதிரியே," என்று அக்கா யாழினியிடம் சொல்ல, "நான் நிக்கல அத்தை, படுத்திருந்தேன்," என்று அவள் திருப்பிச் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மகள் அச்சாக என் அக்காவின் தமிழில் பேசுகிறாள். நான் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் காரில் கட்டி இழுத்துப் போய்க் கொடுக்க முடியாமல் போன தமிழ் அது. பிள்ளை விலகிப் போகிறாள் என்று எத்தனை ஆண்டுகள் பயந்தேன். அவள் விலகித்தான் போனாள், என் ஊருக்கு.

அந்தக் கலப்பைப் பார்த்துவிட்டு, மூன்று நாடுகளிலிருந்து குடுவைச் செடி வளர்ப்பவர்கள் அவளுக்கு எழுதியிருக்கிறார்கள். உலகத்தில் இதற்குமுன் இல்லாத ஒரு செடி என் மகள் கையில் முளைத்திருக்கிறது. இதைக் கிடங்கில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். கூடாரத்தை மேட்டிலிருந்து தள்ளி மாற்றிக் கட்டியிருக்கிறாள். அக்கா முன்னின்று தடுப்புச்சுவர் எழுப்பியிருக்கிறாள். ஆனாலும் ஆனைக்கரையின் மழையை நான் இங்கிருந்து மணிக்கொரு தரம் பார்க்கிறேன்.

8

போன வாரம் யாழினி ஒரு படம் அனுப்பினாள். பெண் செடி இந்த முறை இரண்டு தண்டு விட்டிருக்கிறது. இரண்டிலும் வெள்ளை பிளாஸ்டிக் சீட்டு தொங்கியது. பெரிதுபடுத்திப் பார்த்தேன். பென்சிலால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் கையெழுத்தில், தமிழில் எழுதியிருந்தாள். ஒன்றில் "கிள்ளியது". மற்றதில் "கிள்ளாதது".

கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏழு காயும் நல்லாப் பெருசா வந்துச்சுல்லப்பா. அத்தை கிள்ளுனதாலயா, இல்ல தானாவான்னு எனக்குத் தெரியல. அதான் ஒன்னு அத்தை கணக்கு, ஒன்னு சும்மா. ரெண்டையும் எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

"தமிழ்ல எதுக்கும்மா எழுதியிருக்க?"

"அத்தை படிக்கணும்ல? இல்லாட்டி இதையும் கிள்ளிருவாங்க."

பின்னாலிருந்து அக்கா, "எல்லாம் எனக்குத் தெரியும், போடி!" என்றாள்.

போனை வைக்கப் போனவள், "அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள். "மாப்பிள்ளை பொடி ரெடிதான? இந்தத் தடவை சர்டிபிகேட் வந்த அன்னைக்கே அனுப்பிருங்க. சரியா?"

சரி என்றேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. சான்றிதழின் தேதியும் கூரியர் ரசீதின் தேதியும் போன ஆண்டிலிருந்து அவள் கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவள் எதையும் தேதி போட்டு எழுதிவைப்பவள். ஓராண்டாகத் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று எனக்குப் பிற்பகல் ஷிப்ட். காலை பத்தரைக்குச் சான்றிதழ் வந்தது. கிடங்குக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, உறைபெட்டியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடியே நடந்தேன். கவுன்டரில் அதே பெண்தான். பொட்டலத்தைத் தராசில் வைத்தாள். முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

"அவசரமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்," என்றேன். "இன்றைக்கே போகவேண்டும். என் மகள் காத்திருக்கிறாள்."